எட்டும் தூரமும் பேசும் ஊரும்: திண்டிவனம் வட்டாரத்தில் வானொலியும் தொலைக்காட்சியும்

ஒலிபரப்பின் வீச்செல்லை குறையக் குறைய அதன் பேச்சு ஊருக்கு நெருங்கும் என்ற கருத்து ஊடக ஆய்வுகளில் பெரும்பாலும் கேள்வியின்றியே ஏற்கப்படுகிறது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் உள்ள பெருமுக்கலில் நின்று பார்த்தால் அக்கருத்து நிலைக்கவில்லை. ஒரு நிலையம் எவ்வளவு உள்ளூர்த்தன்மை கொண்டது என்பதை அதன் உரிமம் எதைப் பேச விடுகிறது என்பதே தீர்மானித்திருக்கிறது. கோபுரத்தின் உயரமும் அலையின் தூரமும் அதற்கு அடுத்தபடிதான்.

தமிழகத்தில் வானொலி நகரத்தில் பிறந்தது. 1924இல் கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப்பும், அதன்பின் ஒலிபரப்பை ஏற்று நடத்திய மாநகராட்சியும் நகரவாசிகளையே கேட்போராகக் கருதின. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும் 1939இல் திருச்சி நிலையமும் வந்தபின் இவ்வட்டாரம் இரண்டுக்கும் நடுவே கிடந்தது. 1967இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி நிலையம்தான் முதன்முதலாக இதன் பக்கத்து நிலையமாயிற்று. பெருமுக்கலுக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவு, ஆனால் வேறோர் ஆட்சிப்பகுதி. மத்திய அலை நிலத்தைத் தழுவிச் செல்வது. மாநில எல்லை அதற்குப் பொருட்டில்லை.

அக்காலத்து நிகழ்ச்சி வடிவத்தைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். பண்ணை இல்ல ஒலிபரப்பு, நாட்டுப்புறப் பாடல், நாடகம், மாநிலச் செய்தி எனப் பலவும் ஒரே நிலையத்தில் நேரம் பிரித்துக்கொண்டன. திருச்சி நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பால் தஞ்சைப் பகுதியில் பரவிய ஆடுதுறை 27 நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வந்தது. திண்டிவனத்துக்கோ தன் பெயரையே சுமக்கும் டி.எம்.வி. நிலக்கடலை ரகங்கள் இருந்தன. அவற்றை உருவாக்கிய எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் உள்ளூரிலேயே இருந்தது. ஒலிபரப்புக் கோபுரம் மட்டும் இங்கில்லை. ஆயினும் பரந்த வீச்சுள்ள அரசு நிலையம், உழவரை உழவராக விளித்துப் பேசியது. இதைச் சிறிய சாதனையாக நான் கருதவில்லை.

பின்னர் தனியார் பண்பலை வந்தது. ஒலி தெளிந்தது, எல்லை சுருங்கியது. நிகழ்ச்சியோ பெரும்பாலும் திரைப்பாட்டும் தொகுப்பாளர் பேச்சும் என்றானது. கேட்போரின் ரசனை தாழ்ந்துவிட்டதாகச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநீதி. ஏலத்தில் எடுத்த உரிமத்துக்கான பணம் நகர விளம்பரங்களிலிருந்தே வர வேண்டும். சொந்தச் செய்திக்கோ தடை. 2011ஆம் ஆண்டுக் கொள்கை அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றி எடுத்து ஒலிபரப்ப அனுமதித்தது. உள்ளூர் நிர்வாகம் தரும் குடிநீர், மின்சாரம், இயற்கைச் சீற்றம் பற்றிய அறிவிப்புகள் ‘செய்தி’ ஆகா என்றும் வகுத்தது. ஆகவே ஏரிக்கரை உடைந்ததை நிர்வாகத்தின் அறிவிப்பாகச் சொல்லலாம். அக்கரை ஏன் பழுதுபார்க்கப்படவில்லை என்று செய்தியாளரை அனுப்பிக் கேட்டுச் சொல்ல முடியாது. பாட்டு மட்டுமே மிஞ்சியதற்கு இந்த விதி பெரும் காரணம்.

தொலைக்காட்சியில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1975இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி மாநிலம் முழுமைக்குமான குரலாகவே வளர்ந்தது. ஊரைக் காட்டியது கேபிள்காரரின் லோக்கல் சேனல். 1995ஆம் ஆண்டுக் கேபிள் சட்டத்தின்படி தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்துகொண்டு, நிகழ்ச்சி விதிகளுக்கு உட்பட்டு, கோயில் திருவிழா, பிறந்தநாள் வாழ்த்து, கடை விளம்பரம் ஆகியவற்றோடு உள்ளூர்ச் செய்தியையும் அவரால் காட்ட முடிந்தது. வானொலிக்கு மறுக்கப்பட்ட உரிமை கம்பி வழியே கிடைத்தது. நிகழ்ச்சி வடிவமும் உடனே மாறியது. டிஜிட்டல் ஒளிபரப்பு கட்டாயமானபின், ஊருக்குள் இருந்த கட்டுப்பாட்டு அறையின் முக்கியத்துவம் தேய்ந்தது. அந்தச் சேனல்களின் ஒளிநாடாக்களைத் தேடிச் சேர்க்க இன்னும் எந்தப் பொது ஆவணக்காப்பகமும் முனையாமலிருப்பது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. சிற்றூர்களின் முப்பதாண்டு வரலாறு அவற்றில்தான் பதிவாகியிருக்கிறது.

வானொலியில் ஊரின் பேச்சு இல்லாத குறையைச் சமுதாய வானொலி தீர்த்திருக்க வேண்டும். 2004இல் அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கிவைத்த வழியை, 2006ஆம் ஆண்டு நெறிமுறைகள் தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் திறந்துவிட்டன. நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூரில் தயாராக வேண்டும் என்பது நல்ல விதி. பொதுவாக 100 வாட் ஆற்றல், 10 முதல் 15 கி.மீ. வீச்சு. காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி பெருமுக்கலை எட்டுவது அரிது. திண்டிவனத்து வேளாண் அறிவியல் நிலையமோ இவ்வூரைத் தன் எல்லைக்குள் கொள்ளத்தக்க தொலைவில் உள்ளது. நெறிமுறைப்படி விண்ணப்பிக்கும் தகுதியும் அத்தகைய நிறுவனத்துக்கு உண்டு. அங்கே ஒரு நிலையம் எழுந்தால் நிலக்கடலை விலையையும் மழை நிலவரத்தையும் இவ்வட்டார வழக்கிலேயே பேசலாம். ஏரிக்கரை பற்றிய கேள்வியை அதுவும் கேட்க வேண்டுமானால், சமுதாய வானொலிக்கும் பொருந்தும் சொந்தச் செய்தித் தடையை ஒன்றிய அரசு நீக்க வேண்டும்.