கைநாட்டிலிருந்து கைபேசி வரை

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பென்ஷன் வாங்கும் பெரியவர் இருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள்.

"கைநாட்டு" என்ற சொல்லை நம் ஊரில் திட்டுவதற்குத்தான் பயன்படுத்துவோம். 1990-களில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மலைக் கிராமங்களில் இரவு நேரத்தில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பெரியவர்களுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தோம். கைநாட்டு ஒழிய வேண்டும் என்பதே அன்றைய பேச்சு. இன்று ரேஷன் கடையில் பி.ஏ. படித்தவரும் விரலைத்தான் வைக்கிறார். கையெழுத்தை யாரும் கேட்பதில்லை. விரலும் போய், இப்போது முகமும் கைபேசியும் சாட்சி சொல்கின்றன. இந்த மாற்றம் எப்படி வந்தது?

இது தொடங்கியது நம் நாட்டில்தான். 1858 ஜூலையில் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்குக் கப்பி கொடுக்க வந்த ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையில் மை தடவி, ஒப்பந்தத்தின் பின்பக்கம் பதிய வைத்தார். "இது என் கையெழுத்து இல்லை" என்று பின்னால் அவர் மறுத்துவிடக் கூடாது என்பது நோக்கம். 1877-ல் ஹூக்ளி மாவட்டத்தில் இருந்தபோது ஹெர்ஷல் இன்னொன்று செய்தார். பென்ஷன் வாங்குகிறவர்களிடம் விரல் ரேகை வாங்கத் தொடங்கினார். பென்ஷன்தாரர் இறந்த பிறகும் வேறு யாரோ அவர் பெயரில் பணம் வாங்கிக்கொண்டிருந்ததுதான் காரணம். இதை மற்ற இடங்களுக்கும் விரிவாக்கலாம் என்று மேலிடத்துக்கு எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு 1897-ல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு வந்தது. லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்கு அது போனது 1901-ல். குற்றவாளியைப் பிடிக்க வந்த கருவி என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதற்கு முன்பே அது பென்ஷன் வாங்கும் கிழவரைச் சோதித்த கருவி.

நம் பக்கம் நெடுங்காலம் இதற்கு ரேகை தேவைப்படவில்லை. ஆளைத் தெரிந்த ஆள் இருந்தார். 1962 ஏப்ரலில் சென்னை மாகாணத்தில் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் உதவித்தொகை தொடங்கியது. மணியார்டரைத் தபால்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார். கிழவியை அவருக்குத் தெரியும், அவரைக் கிழவிக்குத் தெரியும். உயிரோடு இருக்கிறார் என்று சொல்லக் கணக்குப்பிள்ளையும் மணியக்காரரும் இருந்தார்கள். 1980 நவம்பரில் அந்தப் பரம்பரைப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. அந்த இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஆளைத் தெரிந்தவர் நினைத்தால் ஆளையே மறைத்தும் விடலாம். வந்த பணத்தில் ஒரு பங்கு பிடித்துக்கொள்வது, செத்தவர் பெயரில் கைநாட்டு வைப்பது எல்லாம் இருந்தன. நம் நாட்டில் மட்டும் நடக்கும் காரியமும் இல்லை இது. 2010-ல் டோக்கியோவில், 111 வயது என்று அரசுப் பதிவேடு சொன்ன ஒரு முதியவர் ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுக்குள் இறந்து கிடந்தது தெரியவந்தது. குடும்பத்தார் பென்ஷன் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஜப்பானிலேயே அப்படி.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. உத்தரப் பிரதேசம் ஆசம்கர் மாவட்டத்தைச் சேர்ந்த லால் பிகாரி என்பவரை 1970-களில் வருவாய்ப் பதிவேட்டில் இறந்தவர் என்று எழுதிவிட்டார்கள். உறவினர்கள் நிலத்துக்காகச் செய்த வேலை. தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க அவருக்கு 1994 வரை ஆயிற்று. தன்னைப் போன்றவர்களுக்காக அவர் "மிருதக் சங்கம்", அதாவது இறந்தவர்கள் சங்கம், ஆரம்பித்தார். ஆக, சோதனை இல்லாவிட்டால் செத்தவர் பணம் வாங்குவார். சோதனை பிசகினால் உயிரோடு இருப்பவர் பட்டினி கிடப்பார். இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

2009-ல் ஆதார் ஆணையம் அமைந்தது. 2013 ஜனவரி 1 முதல் மானியமும் உதவித்தொகையும் நேரடியாக வங்கிக் கணக்குக்குப் போகத் தொடங்கின. 2014 நவம்பரில் "ஜீவன் பிரமாண்" என்ற மின்னணு வாழ்வுச் சான்றிதழ் வந்தது. நம் ரேஷன் கடைகளில் 2020-ல் விரல் ரேகை எந்திரம் வந்தது.

எந்திரத்துக்கு மலை வாழ்க்கை தெரியாது. பூம்பாறையில் பூண்டுக் காட்டிலும், தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்திலும் ஆயுள் முழுக்க வேலை செய்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும். மன்னவனூர், வெள்ளகவி போன்ற இடங்களில் டவர் கிடைப்பது அன்றைய மழையையும் மூடுபனியையும் பொறுத்தது. மத்திய அரசு பென்ஷன்தாரர்கள் வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டிய மாதம் நவம்பர். நமக்கோ அது வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதம். மரம் விழுந்து மலைப்பாதை அடைபடும் காலத்தில் ஒரு கிழவர் கீழே இறங்கிப் போய், "நான் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வர வேண்டும்.

அந்த வகையில் கைபேசி பெரிய உதவிதான். 2021 நவம்பரில் முகத்தைக் காட்டியே வாழ்வுச் சான்று கொடுக்கும் வசதி வந்தது. சாதாரண ஆண்ட்ராய்டு போன் போதும். ரேகை தேய்ந்தவர்களுக்கு இது வரம். இதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் கவனியுங்கள். தபால்காரர் காலத்தில் அடையாளம் காண்பது இரு பக்கமும் நடந்தது. கைபேசி வந்தபின் அது ஒரு பக்கம் மட்டுமே நடக்கிறது. ஓடிபி, முகம், விரல் எல்லாம் கொடுத்து நம் பெரியவர்கள் தங்களை நிரூபிக்கிறார்கள். "கருவூலத்திலிருந்து பேசுகிறேன், வங்கியிலிருந்து பேசுகிறேன், இன்று சொல்லாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும்" என்று அழைப்பவர் எதையும் நிரூபிப்பதில்லை. குரலில் அதிகாரம் இருக்கும், அவ்வளவுதான். அதிகாரக் குரலுக்குப் பணிந்தே பழகிய தலைமுறை எண்ணைச் சொல்லிவிடுகிறது. திருட்டைத் தடுக்க வந்த ஓடிபியே திருடனுக்குச் சாவியாகிவிடுகிறது.

இன்னொரு ஆபத்து, எண் யாருடையது என்பது. பல பெரியவர்களின் ஆதாரில் இருப்பது மகன் எண், அல்லது விண்ணப்பம் எழுதிக்கொடுத்தவரின் எண். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு இணைப்பு துண்டிக்கப்பட்டால், 90 நாள் கழித்து அதே எண்ணை வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது விதி. பிறகு உங்கள் அம்மாவின் ஓடிபி ஊர் பேர் தெரியாத ஒருவரின் போனில் போய் விழும்.

சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் இருக்கும் பிள்ளைகளே, அடுத்த முறை ஊருக்கு வரும்போது இவற்றைச் செய்துவிட்டுப் போங்கள்.

அப்பா, அம்மாவின் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். அவர்கள் கையில் இருக்கும் எண்ணாக மாற்றுங்கள். ரீசார்ஜை விட்டுவிடாதீர்கள்.

எந்த மாதம் வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். தேதி தெரிந்தவரை யாரும் பயமுறுத்த முடியாது.

யார் அழைத்து ஓடிபி கேட்டாலும் "என் பிள்ளையிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று வைத்துவிடச் சொல்லுங்கள். அரசோ வங்கியோ போனில் ஓடிபி கேட்பதில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

விரல் பதியவில்லை என்று திருப்பி அனுப்பினால் பேசாமல் வந்துவிட வேண்டாம். ரேஷன் கடையில் தனக்குப் பதிலாக இன்னொருவரை நியமிக்கப் படிவம் உண்டு. வாழ்வுச் சான்றுக்கு அஞ்சல்துறை வங்கி மூலம் தபால்காரரே வீட்டுக்கு வருவார், சிறு கட்டணம்தான். எந்திரம் அடையாளம் காணாததற்காக உரியவருக்கு உதவியை மறுக்கக் கூடாது என்று 2018 செப்டம்பரில் ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

பென்ஷன் யாரும் போடும் பிச்சை இல்லை, உழைத்தவரின் உரிமை என்று அதே நீதிமன்றம் நகாரா வழக்கில் 1982 டிசம்பர் 17-ல் தீர்ப்புச் சொன்னது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். உரிமையுள்ளவர் கேள்வி கேட்கலாம். "நீங்கள் யார்?" என்று அவர்கள் கேட்கும்போது, "முதலில் நீங்கள் யார், எந்த அலுவலகம், நான் நேரில் வந்து விசாரிக்கிறேன்" என்று திருப்பிக் கேட்க நம் பெரியவர்களைப் பழக்குங்கள். கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தது போல இதையும் சொல்லிக்கொடுத்தால் வந்துவிடும்.

சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். வங்கியிலும் கருவூலத்திலும் வேலை பார்க்கும் என் மாணவர்கள் இருக்கிறீர்கள், நீங்களும் பதில் சொல்லுங்கள்.