நாடிழந்த நவாபும் நாட்டியப் பேரரசியும்

கார்டன் ரீச்சில் வாழும் நாம் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகத்தையும் கப்பல் கட்டும் தளத்தையும் நன்கறிவோம். அவற்றிற்கு அணித்தே, மெட்டியாபுருஸ் சிப்தைனாபாத் இமாம்பாராவில், கலையுள்ளம் படைத்த மன்னர் ஒருவர் துயில்கிறார் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

அவரே அவத் நாட்டின் இறுதி நவாப் வாஜித் அலி ஷா. 1822-இல் பிறந்து 1847-இல் அரியணை ஏறிய அவரது நாட்டை, 1856-இல் கிழக்கிந்தியக் கம்பெனி பறித்துக்கொண்டது. நீதி வேண்டிக் கல்கத்தா வந்தவர், 1857 கிளர்ச்சியின்போது வில்லியம் கோட்டையில் ஏறத்தாழ ஈராண்டு சிறை வைக்கப்பட்டார். பின்னர் ஹூக்ளிக் கரையிலேயே வாழ்ந்து 1887-இல் மறைந்தார்.

நாட்டை இழந்தவர் பாட்டை இழந்தாரல்லர். 'அக்தர்' என்னும் புனைபெயரில் கவிதை யாத்தார். லக்னோவின் பாடகரும் ஆடற்கலைஞரும் சமையற்காரரும் தையற்காரரும் அவரைப் பின்தொடர்ந்து இங்குக் குடியேறினர். தும்ரி இசை வங்கத்தில் தழைக்க அவரது அவை துணைநின்றது. பிறந்தகம் விட்டுப் பிரியும் மணமகளின் துயரைச் சொல்லும் 'பாபுல் மோரா' அவர் பெயரால் வழங்குவது. 1938-இல் சைகல் திரைப்படத்தில் பாடிய பின் அது நாடெங்கும் பரவிற்று.

இக்கல்கத்தாவிற்கே 1934-இல் தமிழகத்திலிருந்து வந்தார் பதினாறு வயது நங்கை ஒருவர். வீணை தனம்மாளின் பேத்தி, கந்தப்ப பிள்ளையின் மாணவி, தஞ்சாவூர் பாலசரஸ்வதி. தென்னாட்டிற்கு வெளியே அவர் ஆடிய முதல் அரங்கு இந்நகரே. தம் குலத்தாரின் ஆடலை உலகம் இழிவாகப் பேசிய காலத்தும் அவர் அதனைக் கைவிடவில்லை. 1975-இல் தமிழ் இசைச் சங்கத்தில் உரையாற்றுகையில் ஆடல் நிகழ்ச்சியைத் திருக்கோயிலுக்கு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்தமண்டபம், சப்தம் மண்டபம், வர்ணம் இறைவனின் சந்நிதி என்று அவர் விளக்கியது நெஞ்சை விட்டகலாத வாக்காகும். பழித்தோர்க்கு இதனினும் தக்க விடை உண்டோ? 1984-இல் அவர் மறைந்தார்.

இவ்விருவரையும் ஒருசேர நினைக்கக் காரணம் உண்டு. இந்நகரம் ஈன்ற சத்யஜித் ராய், 1976-இல் 'பாலா' என்னும் ஆவணப்படத்தையும், 1977-இல் நவாபின் வீழ்ச்சியைக் காட்டும் 'சத்ரஞ்ச் கே கிலாடி'யையும் அடுத்தடுத்து அளித்தார்.

நவாபின் மாளிகைகளில் பெரும்பாலானவை அழிந்தன, தும்ரியோ வாழ்கிறது. பிழைப்பு நாடி வந்த நாமும் பாத்திரம் பண்டங்களோடு பாட்டையும் கொணர்ந்தோமா? கொணர்ந்ததை நம் மக்களுக்குக் கற்பித்தோமா? நாடிழந்த மன்னருக்கு இயன்றது, மாதச் சம்பளம் பெறும் நமக்கு இயலாதா?