வத்தனாபே கசான்

வத்தனாபே கசான் (1793 – 1841) ஜப்பானின் எடோ காலத்தைச் சேர்ந்த ஓவியரும் சாமுராயும் அறிஞரும் ஆவார். மேலைநாட்டு ஒளிநிழல் முறையைக் கிழக்காசியக் கோட்டோவிய மரபுடன் இணைத்து இவர் வரைந்த உருவப்படங்கள் புகழ்பெற்றவை. பிறப்பே தொழிலை வரையறுத்த சமூகத்தில் இவர் சிற்றரசின் பணியாளராகவும் ஓவியம் விற்பவராகவும் வாழ்ந்தார். இவ்விரு நிலைகளுக்கும் இடையிலான முரண்பாடு இவரது மரணத்துக்கும் ஒரு காரணமாயிற்று.

இளமை

கசான் எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) பிறந்தார். இவரது குடும்பம் தகாரா என்னும் சிற்றரசின் பணியில் இருந்தது. அரசின் நிதி நெருக்கடியால் ஊதியம் குறைந்தது, தந்தையும் நோயுற்றார். உடன்பிறந்தோர் பலர் பிற இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். குடும்பத்தைக் காக்க, கசான் விளக்குக் கூடுகளுக்குக் குறைந்த விலையில் படம் வரைந்து கொடுத்தார். பின்னர் கனேக்கோ கின்ரியோ, தானி புன்சோ ஆகியோரிடம் ஓவியம் பயின்றார்.

அக்காலத்தில் நகரங்களில் வணிகர்களின் செல்வம் பெருகியது. அரிசி ஊதியத்தை நம்பியிருந்த கீழ்நிலைச் சாமுராய்கள் வறுமையுற்றனர். கற்றோருக்குரிய பொழுதுபோக்காக மதிக்கப்பட்ட ஓவியம், கசானுக்குப் பிழைப்பாகவும் அமைந்தது.

ஓவியங்கள்

1818 இல் வரைந்த 'இஸ்ஸோ ஹியக்குத்தாய்' என்னும் படத்தொகுப்பில் எடோ நகரின் பல்வேறு நிலை மக்களையும் கசான் சித்தரித்தார். மாணவர்கள் குறும்பு செய்யும் திண்ணைப்பள்ளி போன்றதொரு பள்ளிக் காட்சியும் அதில் உண்டு.

1837 இல் வரைந்த தகாமி சென்செக்கி என்னும் அறிஞரின் உருவப்படம் இவரது தலைசிறந்த படைப்பாகக் கருதப்படுகிறது. இதில் முகம் ஒளிநிழலுடனும், ஆடை மரபுவழிக் கோடுகளாலும் வரையப்பட்டுள்ளது. ஜப்பானின் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்ட இப்படம், டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துக்கு உரியது.

கைதும் மறைவும்

1832 இல் கசான் தகாராவின் மூத்த ஆலோசகர்களுள் ஒருவரானார். பஞ்சகாலத்துக்கான தானியக் களஞ்சியம் அமைப்பதில் பங்காற்றினார். ஒல்லாந்தர் வழியாக வந்த மேலைநாட்டு அறிவிலும் ஈடுபாடு கொண்டிருந்தார். 1837 இல் மோரிசன் என்னும் அமெரிக்கக் கப்பல் பீரங்கியால் சுட்டு விரட்டப்பட்டது. அதன்பின் சோகுன் அரசின் வெளிநாட்டுக் கொள்கையைக் குறைகூறி ஒரு கட்டுரை எழுதினார். வெளியிடப்படாத அந்தக் கையெழுத்துப்படி 1839 இல் வீட்டுச் சோதனையின்போது கிடைத்தது. கசான் கைது செய்யப்பட்டுத் தகாராவில் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்.

அங்கு நிலவிய வறுமையைப் போக்க, இவரது மாணவர் புக்குடா ஹான்கோ எடோவில் இவரது ஓவியங்களை விற்க ஏற்பாடு செய்தார். தண்டனை பெற்றவர் ஓவியம் விற்பது தம் சிற்றரசருக்குத் தீங்கு விளைவிக்கும் என அஞ்சிய கசான், 1841 இல் தற்கொலை செய்துகொண்டார். இறுதியாக எழுதிவைத்த குறிப்பில், தம்மை ஓவியராக அன்றி, தலைவனுக்கும் பெற்றோருக்கும் கடமை தவறியவராகவே குறிப்பிட்டார்.

இவரது மாணவர் சுபாகி சின்சான் 1853 இல் கசானின் உருவப்படத்தை வரைந்தார்.