நம் ஊர்க் கோழியும் வெள்ளைக் கழிச்சலும்

சேர்வராயன் மலைச்சாரலை அடுத்த பொம்மிடி, 1965 வரை சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. இப்பக்கத்துக் குடியானவர் இல்லங்களில் கோழியே ஸ்திரீகளின் கைமுதல். கோழிக்கு வேர்வையில்லை, வாய் திறந்து இரைத்தே உஷ்ணந் தணித்துக்கொள்ளும். காற்றில் ஈரம் மிகின் அதுவும் பலியாது. ஆதலின் முன்னோர் பகலில் மரநிழலில் மேயவிட்டு, இரவிலேயே பஞ்சாரத்திற் கவிழ்த்தனர்.

வெள்ளைக் கழிச்சலிடத்தோ இவ்வுபாயஞ் செல்லவில்லை. 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாஸிலிலும் தோன்றிய அந்நோய், 1927-ல் ராணிகேத்திற் காணப்பட்டு அவ்வூர்ப் பெயரையே பெற்றது. (அவ்வூருக்கு இஃதென்ன கீர்த்தியோ!) முக்தேஸ்வர் ஆராய்ச்சி நிலையத்தார் 1940-களில் தடுப்பு மருந்து கண்டனர். ஆயின் ஒரு புட்டி பல கோழிகளுக்கானது. கலக்கிய இரண்டு மணிக்குள் போட்டுவிடவும் வேண்டும். பத்துக் கோழி வைத்திருக்கும் நம் மாதர் தனியே என் செய்வர்? தெருவார் ஒரே நாளிற் கூடிப் போடுவித்தலே வழி.