முடியும் குடியும் வாக்கும்

அரசன் உள்ள நாட்டிலே மக்களாட்சி நிலைத்தல் கூடுமா? முடியை அகற்றிவிட்டால் மக்களாட்சி தானே மலர்ந்துவிடுமா? வரலாறு கற்பிக்கும் ஆசிரியனிடம் மாணவர் அடிக்கடி தொடுக்கும் வினாக்கள் இவை. நேயர்களே, இவற்றுக்கு விடை காண்பதற்கு எமது ஊவா மாகாணத்தின் கதையையும் யப்பானின் கதையையும் அருகருகே வைத்து நோக்குவோம்.

ஊவா, கண்டி இராச்சியத்தின் ஒரு பகுதி. 1739 முதல் அவ்விராச்சியத்தை ஆண்டவர்கள் தென்னிந்திய நாயக்க மரபினர். அம்மரபின் இறுதி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரியிற் சிறைப்பட்டான். மார்ச் 2ஆந் திகதி எழுதப்பட்ட உடன்படிக்கையால் கண்டியின் முடி ஆங்கில மன்னனைச் சேர்ந்தது. 1817இல் ஊவாவிலே கிளர்ச்சி மூண்டது. கிளர்ந்தெழுந்தோர் குடியரசை வேண்டினரல்லர். அரசன் ஒருவனையே வேண்டினர். முன்னர் பிக்குவாயிருந்த வில்பாவே என்பவன், தான் நாயக்க வமிசத்துத் துரைசாமி என்று கூறிக்கொண்டு தோன்றினான். சிங்களக் குடிமக்கள் அப்பெயரின் கீழே திரண்டனர். அடக்குவதற்கென அனுப்பப்பட்ட திசாவை கெப்பெட்டிபொலவும் அவர்களோடு சேர்ந்து, 1818 நவம்பர் 26ஆந் திகதி சிரச்சேதம் செய்யப்பட்டார். அக்காலத்து மக்களுக்கு மன்னனின் மொழியும் பிறந்த நாடும் பெரிதல்ல. முடியின் மீதிருந்த நம்பிக்கையே பெரிது.

பின்னர் கோப்பியும் தேயிலையும் வந்தன. அவற்றோடு, கங்காணிமாரின் பின்னே தமிழகத்து ஏழை மக்கள் வந்து, நமுனுகுல, பசறை, தெமோதரை மலைகளிலே லயங்களில் வாழ்வு தொடங்கினர். 1931இல் டொனமூர் அரசியற்றிட்டம் சர்வஜன வாக்குரிமையை அளித்தது. தோட்டத் தொழிலாளருக்கோ அது நிரந்தர வதிவு முதலிய நிபந்தனைகளோடுதான் கிடைத்தது. ஆயினும் அவர்கள் அதைப் பயன்படுத்தினர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா பாராளுமன்றஞ் சென்றார்.

அடுத்து வந்தது சுதந்திரம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949இல் தேர்தற் சட்டத்திற் செய்யப்பட்ட திருத்தமும் இம்மக்களுட் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பினின்றும் நீக்கின. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களுடைய காங்கிரஸுக்கு ஓர் ஆசனமேனும் இல்லை.

இனி யப்பானைப் பார்ப்போம். 1889ஆம் ஆண்டு மெய்ஜி அரசியலமைப்பு, சக்கரவர்த்தியைப் புனிதராகவும் இறைமையின் உறைவிடமாகவும் வைத்தது. பாடசாலைகளிலே அந்நம்பிக்கை ஒரு சமயம்போலப் போதிக்கப்பட்டது. போரிலே தோல்வியுற்றபின், 1947 மே 3ஆந் திகதி நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பு இறைமையை மக்களிடம் ஒப்படைத்தது. சக்கரவர்த்தி நாட்டின் சின்னமாக மட்டும் எஞ்சினார். முடியை அகற்றாமலே குடியாட்சி நிறுவப்பட்டது.

ஆனால் இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. 1945 டிசம்பரிலே திருத்தப்பட்ட தேர்தற் சட்டம் யப்பானியப் பெண்களுக்கு வாக்களித்தது. அதே சட்டம், யப்பானில் வாழ்ந்த கொரியருக்கும் தைவானியருக்கும் இருந்த வாக்குரிமையை நிறுத்திவைத்தது. சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்த அம்மக்கள், 1952 ஏப்ரலில் யப்பானியப் பிரஜாவுரிமையையும் இழந்தனர். எங்கள் தோட்டங்களின் கதை அங்கே வேறு மொழியிற் சொல்லப்பட்டதுபோலத் தோன்றுகின்றதன்றோ?

இதிலிருந்து நாம் அறிவது யாது? இலங்கையில் ஆங்கில முடியின் கீழேதான் வாக்கு வந்தது. அம்முடி இருக்கும்போதே வாக்கு பறிபோயிற்று. 1972 மே 22ஆந் திகதி நாடு குடியரசாகி முடி நீங்கியபோதும், மலைநாட்டிலே பெருந்தொகையினர் நாடற்றோராகவே இருந்தனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி பலர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். எஞ்சியோரின் குறை, 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை நீடித்தது.

முடியாட்சியிலே மன்னனின் ஆணைக்குட்பட்ட யாவரும் குடிகள். குடியாட்சியிலோ, 'குடி' யாரென்பதைச் சட்டம் வரையறுக்கின்றது. அச்சட்டத்தைப் பெரும்பான்மையோர் இயற்றுகின்றனர். ஆதலால், ஒரு நாட்டின் மக்களாட்சியை அளக்க விரும்புவோர் அரியணையை மட்டும் பார்த்தல் போதாது. வாக்காளர் இடாப்பையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். அதில் யாருடைய பெயர் இல்லையென்று கேட்டறிதல் கற்றோர் கடமையாகும்.