றொதாம்ஸ்ரெட் மண் கூறும் வரலாறு

இங்கிலாந்திலுள்ள றொதாம்ஸ்ரெட் பண்ணையில் 1843ஆம் ஆண்டு ஜோன் பெனற் லோஸ், ஜோசெப் ஹென்றி கில்பேட் என்னும் இருவர் பயிர்ப் பரிசோதனைகளைத் தொடங்கினர். எவ்வெரு எத்துணை விளைவு தரும் என்பதே அவர்தம் வினா. வளிமண்டலத்துக் காபனீரொட்சைட்டை அவர் கருதினாரல்லர். ஆயினும் அவர்கள் போத்தல்களில் அடைத்துப் பேணிய மண் மாதிரிகளே இன்று மண்ணிலுள்ள காபனின் வரலாற்றுக்கு ஏடுகளாயின.

புரோட்போக் கோதுமை வயலில் ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 தொன் தொழுவெரு பெற்ற பாத்தியில், எருவே பெறாத பாத்தியினும் இரு மடங்குக்கு மேலாகக் காபன் திரண்டது. அவ்வளர்ச்சி தொடக்கத்தில் விரைந்து, பின்னர் தளர்ந்து, ஒரு வரம்பை நெருங்கிற்று. அன்றியும், அவ்வெரு பிற நிலங்களின் விளைவிலிருந்து வந்தது. அதனை முழுவதும் காற்றிலிருந்து ஈட்டிய ஊதியமாகக் கணக்கிடல் பொருந்தாது.

ஹூஸ்பீல்ட் பார்லி வயலின் செய்தியோ பெரிதும் வியக்கத்தக்கது. அங்கே ஒரு பாத்திக்கு 1852 முதல் 1871 வரை எருவிட்டு, அதன்பின் அறவே நிறுத்தினர். நூற்றாண்டு கழிந்த பின்னரும், எருக் காணாத பாத்தியினும் அதிற் காபன் மிகுந்தே இருந்தது. மண் எளிதில் மறப்பதில்லை போலும்!

2015ஆம் ஆண்டு பாரிஸ் மகாநாட்டின்போது, மண்ணின் காபனை ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு நான்கு பங்கு உயர்த்தும் முயற்சியைப் பிரான்சு தொடக்கிவைத்தது. றொதாம்ஸ்ரெட் அறிஞர் 2018இல் தம் நெடுங்காலப் பதிவுகளை ஆராய்ந்து, அவ்வுயர்வு பல பாத்திகளில் எய்தப்பட்டதேனும், அதற்கு வேண்டிய எருவும் வசதியும் உழவர் பலர்க்கு இல்லை எனக் கண்டனர்.