துரையின் கையெழுத்தும் தூதரக முத்திரையும்

வெளிநாடு போகிறவரின் பிறப்புச் சான்றிதழில் கொழும்பு வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு முத்திரை குத்துகிறது. அதில் எழுதியிருப்பது உண்மை என்று அந்த முத்திரை சொல்வதில்லை. கையெழுத்துப் போட்டவர் மெய்யான அதிகாரி என்பதோடு நின்றுகொள்கிறது. பிறகு போகும் நாட்டின் தூதரகம் அமைச்சின் கையெழுத்துக்கு உறுதி கூறுகிறது. தூதரகக் கட்டத்தை நீக்க 1961இல் ஹேக் நகரில் உருவாகி, 2005இல் இந்தியாவிலும் நடைமுறைக்கு வந்த அப்போஸ்டில் உடன்படிக்கைகூட இந்த அடிப்படையைத் தொடவில்லை. எத்தனை முத்திரை விழுந்தாலும், முதற் பதிவேட்டில் எழுதிய கை எதை எழுதியதோ அதுவே கடல் தாண்டிப் போகும். பதுளை மாவட்டத் தோட்டங்களில் அந்தக் கை நெடுங்காலம் அரசின் கையாக இருக்கவில்லை. மலையகத் தமிழரின் காகிதத் துயரத்துக்குக் கொழும்பு, கண்டி அலுவலகங்களின் இழுபறியையே காரணம் காட்டுவது வழக்கம். அந்த இழுபறி உண்மைதான். ஆனாலும் வேர் பசறை, அப்புத்தளை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டக் கந்தோர்களில் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டிவந்த ஆளுக்குக் கிடைத்த முதல் அடையாளம் தோட்டக் குறியும் எண்ணும் பொறித்த தகர டிக்கெட். ஆள் வழியில் தொலையாமல் உரிய தோட்டத்துக்கு வந்து சேர்வதற்கும், வழிச்செலவு சரியான கணக்கில் ஏறுவதற்கும் அது உதவியது. தோட்டம் மாற வேண்டுமென்றால் துண்டு வேண்டும்: இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறோம் என்று தோட்ட நிர்வாகியான துரை எழுதித் தரும் சீட்டு. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டை ஒழித்தது. அதன் பிறகும் வேலையிலிருந்து விடுவித்ததைச் சொல்லும் பத்துச்சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிவது எளிதாக இல்லை. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் குழந்தை பிறந்தால் கிராமத்தார்போல் தகப்பன் பதிவாளரிடம் போவதில்லை. தோட்டத்துரை அறிக்கை அனுப்ப, மாவட்டப் பதிவாளர் அதை ஏட்டில் ஏற்றினார். ஆக, ஒருவர் எங்கே பிறந்தார், எப்போது வந்தார், எத்தனை நாள் வேலை செய்தார் என்பதையெல்லாம் வேலை கொடுத்தவரே எழுதிவைத்தார். செக்ரோல் சம்பளம் போடுவதற்கான ஏடு. ஒரு நாட்டின் குடிமக்களைக் காட்டும் ஏடாக அது ஒருநாள் மாறும் என்று அதை எழுதிய கிளார்க்கர் எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

மாறியது. 1947 பொதுத்தேர்தலில் தோட்டத் தமிழரின் வாக்குகளோடு பதுளையிலிருந்து இலங்கை இந்தியர் காங்கிரஸின் எஸ்.எம். சுப்பையா நாடாளுமன்றம் சென்றார். மறு ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவரிடமும் தகப்பனோ, பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததற்கான சான்றைக் கேட்டது. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் வதிவிடச் சட்டம் இன்னொரு வாசலைத் திறந்தது: 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாமல் இந்நாட்டில் வசித்திருக்க வேண்டும், விண்ணப்பிக்க இரண்டே ஆண்டு அவகாசம். இடைவிடாத வாசத்துக்கு ஆதாரம் செக்ரோல். தாய்க்குச் சாவுச் சடங்கு செய்ய ஊருக்குப் போய் ஓராண்டுக்கு மேல் தங்கியவருக்கு வாசம் அறுந்தது. பழைய செக்ரோலைத் தோட்டம் தூக்கிப் போட்டிருந்தாலும், துரை கையெழுத்துப் போட மறுத்தாலும், அடி வாங்கியவர் விண்ணப்பதாரர். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு.

இதற்கு மறுப்புகள் உண்டு. கள்ளத்தோணியில் ஆட்கள் வந்துகொண்டிருந்த காலத்தில் அரசு ஆதாரம் கேட்காமல் எப்படி இருக்கும் என்பது ஒன்று. கேட்பது நியாயமே. ஆனால் தகர டிக்கெட்டும் துண்டும் செக்ரோலுமாக, தோட்டத் தொழிலாளியைப் போல் எழுதிக் கணக்குவைக்கப்பட்ட கூட்டம் இந்தத் தீவில் வேறு எது? ஆவணம் இல்லை என்பதைவிட, அது அவர் கையில் இல்லை என்பதே சரி. இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: தோட்டப் பிறப்புகளை அறிவிக்க ஒரு கந்தோரும் ஒரு பொறுப்பாளியும் இருந்ததால், ஒதுக்குப்புறக் கிராமங்களைவிட அங்கே பதிவு ஒழுங்காக நடந்திருக்கும் என்பது. எண்ணிக்கையில் அப்படியே இருக்கட்டும். பதிவாவது வேறு, சரியாகப் பதிவாவது வேறு. தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினார்கள். பின்னாளில் பதிவாளர்கள் சிங்களத்தில் எழுதினார்கள். ஒரே வெள்ளையம்மா தோட்ட ஏட்டில் ஒருவராகவும் பிறப்புச் சான்றிதழில் இன்னொருவராகவும் ஆனாள். எழுதியதை வாசித்துப் பார்த்துத் திருத்தச் சொல்ல அவளுடைய பெற்றோருக்கு அந்த எழுத்து தெரியாது.

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இதே காகிதங்களை இன்னொரு நாட்டின் முன் வைத்தது. நாடற்றவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகள் பங்குபோட்டன. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தன. மக்களின் விருப்பம் அந்தக் கணக்குக்கு அடங்கவில்லை. 1970இல் விண்ணப்ப அவகாசம் முடிந்தபோது இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் ஏறத்தாழ நான்கு லட்சம், இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவர்கள் ஏழு லட்சம் அளவில். இந்தியப் பாஸ்போர்ட் பெற்றவர்கள் குடும்ப அட்டையோடு தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போனார்கள். மறுவாழ்வுக் கடனும், நீலகிரி அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலையும் அந்த அட்டையைப் பார்த்தே கிடைத்தன. அங்கேயும் அதிகாரிகள் பார்த்தது, பதுளையின் ஏதோ ஒரு தோட்டக் கந்தோரில் தொடங்கி நகல்மேல் நகலாக வந்த பெயரைத்தான். 1984இல் கப்பல் நின்றது. கையில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு, கால் இலங்கை மண்ணிலேயே ஊன்றியபடி பல்லாயிரம் பேர் மிஞ்சினார்கள்.

எந்த ஆதாரத்தை விட்டுக்கொடுக்கவே முடியாது என்று நாற்பது ஆண்டு சொன்னார்களோ, அதை 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் எளிதாக விட்டுக்கொடுத்தது. சத்தியக் கடதாசி ஒன்றையே பிரஜாவுரிமைக்கு அத்தாட்சியாகக் கொள்ளலாம் என்றது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழிவந்தோருக்கும் உரிமை தந்தது. அரசியல் மனம் இருந்தால் செக்ரோல் தேவைப்படவில்லை. அப்படியானால் 1949இல் கேட்ட ஆதாரம் உண்மையை அறியத்தானா என்ற சந்தேகம் எழுவதைத் தவிர்க்க முடியாது.

பிரஜாவுரிமை தீர்ந்தது, பெயர் தீரவில்லை. வளைகுடா நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பதுளைப் பெண்ணின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் இருந்தால், இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியிருக்கிறது. சிங்களச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் மாற்றும்போது ஒலி மூன்றாம் முறை மாறுகிறது. பிரதேச செயலகத்தில் பதிவைத் திருத்த வழி இருக்கிறது. அதற்கு அலைகிற ஒவ்வொரு நாளும் தோட்டத்தில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும். ஏஜென்சி குறித்த தேதியோ அதற்குள் வந்துவிடும். ஆகவே பெரும்பாலானோர் பிழையை அப்படியே விட்டு, அதன்மேல் முத்திரை வாங்கிக்கொண்டு போகிறார்கள். பாஸ்போர்ட்டும் அந்தப் பெயரிலேயே வருகிறது.